சொல்லை அதன் இடத்திலேயே கற்போம்

(மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அன்றாட வாழ்வுக்கு வேண்டிய ஆங்கிலத்தை எவ்வாறு கற்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள். பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் 'முப்பது நாட்களில் ஆங்கிலம்' என்னும் வகை நூல்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என நூற்றுக்கணக்கில் அவை அடுக்கியிருக்கும். நம் பிள்ளைகளும் ஊக்கத்தோடு மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் ஒப்பிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதே பிள்ளை வங்கிக்குச் சென்றால் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று விழிக்கிறது. ஐந்நூறு சொற்களை அறிந்த பிள்ளைக்கு ஐந்து வாக்கியங்கள் வாயில் வருவதில்லை.

குறை பிள்ளையிடம் இல்லை. கற்கும் முறையில் இருக்கிறது. சொல் தனியே வாழ்வதில்லை. அது ஓர் இடத்தில், ஒரு வாக்கியத்தில், வேறு சொற்களின் துணையோடு வாழ்கிறது. அங்கிருந்து பிடுங்கிப் பட்டியலில் நட்டால் அது பட்டுப்போகிறது. எனவே சொல்லை அதன் இடத்திலேயே வைத்துக் கற்க வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம். பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பாகிவிட்ட நம் வட்டாரத்தில் இது மதிப்பெண்ணோடு முடியும் விஷயமன்று. சில வேளைகளில் உயிரைத் தொடும் விஷயம்.

முன்னோர் கற்ற முறை

வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், ஜாமீன், மகசூல், ஜில்லா ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். இவையனைத்தும் அரபு மூலத்திலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கும் இவற்றின் பொருள் தெரியும். எந்த அகராதியைப் புரட்டி அவர் கற்றார்? தாலுகா அலுவலகத்தில் வரி கட்டியபோது 'வசூல்' என்பதையும், கடைக்காரர் கணக்கு நோட்டைக் காட்டியபோது 'பாக்கி' என்பதையும், பத்திரம் எழுதியபோது 'அசல்', 'நகல்' என்பவற்றையும் கற்றார். தேவை கற்பித்தது, இடம் பொருள் சொன்னது.

சிவகாசியின் தொழில் வரலாறும் இதையே சொல்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் இங்கே தொழில் தொடங்கினார்கள் என்பதை அனைவரும் அறிவோம். அவர்கள் கற்றது தொழில் நடக்கும் இடத்திலேயே. மொழியும் ஒரு தொழிலே. பட்டறையில் கற்றால்தான் அது கைக்கு வரும்.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது லாக்டவுன், குவாரன்டைன், ஆக்ஸிஜன் லெவல் ஆகிய சொற்களை நம் வீட்டு மூதாட்டியரும் சில வாரங்களில் கற்றுக்கொண்டனர். 'பாசிட்டிவ்' என்றால் நல்லது என்று பள்ளியில் படித்த பிள்ளை, பரிசோதனை முடிவில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் கலங்க வேண்டும் என்பதையும் அப்போது உணர்ந்தது. சொல் ஒன்றே, இடம் மாறியதும் பொருள் தலைகீழானது.

நம் கையில் ஏற்கெனவே உள்ள ஆங்கிலம்

'எங்களுக்கு ஆங்கிலமே தெரியாது' என்று நம் தாய்மார்கள் சொல்வதுண்டு. அது உண்மையன்று. தீப்பெட்டி வேலை செய்யும் பெண்மணிக்கு ஃபிரேம், டிப்பிங், லேபிள், பண்டல் எல்லாம் தெரியும். அகராதியில் 'பண்டல்' என்றால் கட்டு, மூட்டை. நம் தீப்பெட்டி வணிகத்திலோ ஒரு பண்டல் என்றால் 600 பெட்டிகள். இந்தப் பொருள் எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் இல்லை. நம் ஊர்க் கிடங்கில் இருக்கிறது.

'குரோஸ்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். சரக்கை எண்ணும் இடத்தில் ஒரு குரோஸ் என்பது 12 டஜன், அதாவது 144. பெட்டியின் மேல் 'குரோஸ் வெயிட்' என்று இருந்தால் அட்டைப்பெட்டியையும் சேர்த்த மொத்த எடை. சம்பளச் சீட்டில் 'குரோஸ் சாலரி' என்று இருந்தால் பிடித்தம் செய்வதற்கு முந்தைய சம்பளம். அதன் எதிரில் நிற்கும் 'நெட்' என்பதற்குப் பட்டியலில் 'வலை' என்று படித்த மாணவன், 'நெட் வெயிட்' என்பதைப் பார்த்து வலையின் எடை என்றா கொள்வான்? அங்கே அது நிகர எடை. இரண்டையும் ஒரே பெட்டியின் மேல் சேர்த்துப் பார்த்த பிள்ளை பிறகு மறக்காது.

வீட்டில் 'பல்பு ஃப்யூஸ் போய்விட்டது' என்கிறோம். பட்டாசுப் பெட்டியில் 'ஃப்யூஸ்' என்றால் திரி. 'லைட்' என்றால் விளக்கு என்று முதல் வகுப்பில் படிக்கிறோம். 'லைட் தி ஃப்யூஸ்' என்னும்போது அது பெயர்ச்சொல் அன்று. 'திரியைப் பற்றவை' என்னும் கட்டளை.

இவை எல்லாவற்றினும் சுவையானது 'மேகசின்' என்னும் சொல். பட்டாசு ஆலையில் வேலை செய்வோருக்கு மேகசின் என்பது வெடிபொருள் சேமிக்கும் கிடங்கு. கல்லூரி மாணவருக்கு அது இதழ். துப்பாக்கி ஏந்திய காவலருக்குத் தோட்டாக்கள் அடங்கிய பகுதி. மூன்றுக்கும் மூலம் கிடங்கைக் குறிக்கும் 'மக்ஸன்' என்னும் அரபுச் சொல்லே. அது ஐரோப்பிய மொழிகளின் வழியே ஆங்கிலத்துக்குச் சென்றது. 1731இல் லண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' என்னும் இதழ் தொடங்கப்பட்டபோது, 'பலவகைச் செய்திகளின் கிடங்கு' என்னும் கருத்தில் அப்பெயர் இதழுக்கு வந்தது. ஆக, நம் ஜமாஅத் மலரும் ஒரு மேகசின். ஊருக்கு வெளியே முள்வேலிக்குள் இருப்பதும் ஒரு மேகசின். எது எது என்று நமக்குச் சொல்வது அகராதியன்று. சொல் நிற்கும் இடமே.

தவறாகப் புரிந்தால் நேரும் ஆபத்து

இதுவரை சொன்னவை சுவைக்காக என்று கொள்ள வேண்டாம். சில சொற்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் ஆபத்து நேரும்.

'ஆக்டிவ்' என்பதற்கு எதிர்ச்சொல் 'இன்ஆக்டிவ்' என்று படிக்கிறோம். 'கரெக்ட்' என்பதற்கு 'இன்கரெக்ட்'. அந்தக் கணக்கில் பார்த்தால் 'ஃப்ளேமபிள்' என்பது தீப்பற்றக்கூடியது, 'இன்ஃப்ளேமபிள்' என்பது தீப்பற்றாதது என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் எளிதில் தீப்பற்றும் என்றே எச்சரிக்கின்றன. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள அமெரிக்காவிலேயே இந்தக் குழப்பத்தால் கேடு விளையும் என்று அஞ்சி, 1920களில் அந்நாட்டுத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்னும் சொல்லையே பயன்படுத்துமாறு வலியுறுத்தியது. ஆயினும் பழைய சொல் இன்றும் டேங்கர் லாரிகளின் பின்புறத்திலும் டிரம்களின் மீதும் காணப்படுகிறது. 'இன்ஃப்ளேமபிள்' என்று தனியே படித்தவர் ஏமாறலாம். தீச்சுடர்ப் படத்தோடும் 'கீப் அவே ஃப்ரம் ஃபயர்' என்னும் தொடரோடும் சேர்த்துக் கற்றவர் ஏமாறமாட்டார்.

அதே அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஒருவர் இருந்தார். மொழியியல் அறிஞராகப் புகழ்பெற்ற அவர், ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்புப் பொறியாளராகப் பணியாற்றினார். விபத்து அறிக்கைகளை ஆராய்ந்தபோது அவர் ஒன்றைக் கண்டார். பெட்ரோல் நிரம்பிய டிரம்களின் அருகில் மக்கள் மிகுந்த கவனத்தோடு நடந்துகொள்கிறார்கள். 'எம்ப்டி', அதாவது காலி, என்று குறிக்கப்பட்ட டிரம்களின் அருகிலோ புகைபிடிக்கவும் தயங்குவதில்லை. உண்மையில் காலி டிரம்மில் தங்கியிருக்கும் ஆவி தீப்பற்றி வெடிக்கக்கூடியது. நிரம்பிய டிரம்மைவிடவும் அது ஆபத்தானதாகலாம். 'காலி' என்னும் சொல் 'ஒன்றுமில்லை' என்னும் எண்ணத்தைத் தந்து கவனத்தைக் கெடுத்துவிட்டது. 1939இல் எழுதிய கட்டுரையில் அவர் இதை விளக்கினார். மருந்துக் கலவை இருந்த காலிப் பாத்திரத்தையும் காலிச் சாக்கையும் கையாளும் நம் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன இருக்க முடியும்?

இன்னொரு தொடரையும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி கிராக்கர் வென்ட் ஆஃப்' என்றால் பட்டாசு வெடித்தது. 'ஆஃப்' என்றாலே அணைவது என்று மனத்தில் பதித்துக்கொண்டவர் இரண்டாவதை 'அணைந்துவிட்டது' என்றே கொள்வார். அணைவதற்கும் வெடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2021 பிப்ரவரி 12ஆம் நாளை நாம் மறக்க இயலாது. அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நாம் ஒன்றைத் தெளிவுபடுத்தக் கடமைப்பட்டுள்ளோம். தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாததால் விபத்து நேர்கிறது என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது இறந்தோர் மீதே பழி சுமத்துவதாகும். பாதுகாப்புக்குப் பொறுப்பு உரிமம் பெற்றவருக்கும் கண்காணிக்க வேண்டியவர்களுக்கும் உரியது. எச்சரிக்கைகள் யாவும் முதலில் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே நம் நிலை. ஆனால் அறையின் சுவரில் 'லிமிட்' என்னும் சொல்லின் பக்கத்தில் எழுதப்பட்ட எண், அந்த அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கான வரம்பு என அறிந்தவர், அந்த எண்ணைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்க முடியும். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

சட்டமும் சொற்களால் ஆனதே. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 'கிரீன் கிராக்கர்' எனப்படும் பட்டாசுகளையே தயாரிக்கவும் விற்கவும் வேண்டும் என்றும், பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஆணையிட்டது. 'கிரீன்' என்றால் பச்சை நிறம் என்று மட்டும் படித்தவருக்கு இது பெரும் புதிராக இருக்கும். ஏனெனில் பட்டாசில் பச்சை ஒளியைத் தருவதே பேரியம் நைட்ரேட்தான்! இங்கே 'கிரீன்' என்பது நிறமன்று. சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்தது என்னும் பொருள். அதனால்தான் நம் நாளிதழ்கள் 'பச்சைப் பட்டாசு' என்று எழுதாமல் 'பசுமைப் பட்டாசு' என்று எழுதின. இடமறிந்து மொழிபெயர்ப்பதற்கு அது நல்ல சான்று.

கடல் கடந்து செல்வோருக்கு

வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர்கள் இரண்டு தொடர்களையேனும் முழுமையாக அறிந்து செல்ல வேண்டும். சவூதி அரேபியாவில் 'எக்ஸிட் ரீஎன்ட்ரி' என்றால் விடுமுறைக்கு ஊர் வந்து மீண்டும் பணிக்குத் திரும்புவதற்கான அனுமதி. 'ஃபைனல் எக்ஸிட்' என்றால் அந்த வேலையையும் வசிப்பு உரிமையையும் முடித்துக்கொண்டு வெளியேறுவது. 'எக்ஸிட் என்றால் வெளியேறு' என்று மட்டும் படித்தவருக்கு இரண்டு தாள்களும் ஒன்றாகவே தோன்றும். கையொப்பமிட்ட பிறகு வருந்திப் பயனில்லை.

ஊரில் இருப்போருக்குக் கைப்பேசியே போதும். 'கிரெடிட்டட்' என்று வந்தால் நம் கணக்கில் பணம் வரவு. 'டெபிட்டட்' என்று வந்தால் பணம் பற்று. 'டு நாட் ஷேர் திஸ் ஓடிபி வித் எனிஒன்' என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. 'இந்த எண்ணை எவரிடமும் சொல்லாதே' என்று ஒரே மூச்சில் புரிந்துகொண்டால் உழைத்துச் சேர்த்த பணம் மிஞ்சும்.

எத்தனை சொற்கள் போதும்?

இலட்சக்கணக்கான சொற்கள் உள்ள மொழியை எப்படிக் கற்பது என்று மலைக்க வேண்டாம். 1930இல் சி.கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களைக் கொண்டே அன்றாடக் கருத்துகளைச் சொல்ல முடியும் என்று 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் திட்டத்தை வெளியிட்டார். அதில் வினைச்சொற்கள் 18 மட்டுமே. 'கோ', 'புட்', 'கெட்' போன்றவற்றைப் பிற சிறு சொற்களோடு சேர்த்தே மற்ற வினைகளைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கருத்து. 'புட் அவுட்' என்றால் தீயை அணைப்பது, 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பது. சொற்கள் சிலவே, சேர்க்கைகள் பல. ஆகவே சேர்க்கையைக் கற்காமல் சொல்லைக் கற்றுப் பயனில்லை.

டாக்காவில் பல்லாண்டுகள் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அதன் சிறப்பு யாதெனில், ஒரு சொல் எந்தெந்தப் பொருளில் எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்பதையும் அவர் தனித்தனியே குறித்தார். சொற்பட்டியல் தொகுத்தவரே, சொல்லுக்கு ஒரே பொருள் என்று கருதவில்லை என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் என்றாலும் ஆண்டுக்கு 1,800க்கு மேல் ஆகிறது. நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கினால் கூடிவரும் காரியமே இது.

நடைமுறைக்கு உகந்த வழிகள்

ஒன்று: ஒவ்வொரு மாணவரும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் மூன்று கட்டங்கள். முதலாவதில் சொல், இரண்டாவதில் அதைக் கண்ட இடம், மூன்றாவதில் அது வந்த முழு வாக்கியம். தமிழ்ப் பொருளைக் கடைசியில் எழுதினால் போதும். கண்ட இடம் தெரியாத சொல்லை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

இரண்டு: வாரத்துக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வங்கி. 'ஐ வுட் லைக் டு ஓபன் அன் அக்கவுன்ட்' என்பதை முழுத் தொடராகச் சொல்லிப் பழகுங்கள். இரண்டாம் வாரம் மருத்துவமனை. 'ட்வைஸ் எ டே', 'ஆஃப்டர் ஃபுட்' என்பவற்றை மருந்துச் சீட்டோடும், 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்பதை உரையாடலோடும் கற்கலாம். மூன்றாம் வாரம் ரயில் நிலையம். 'ரன்னிங் லேட் பை தர்ட்டி மினிட்ஸ்' என்று அறிவித்தால் வண்டி வேகமாக ஓடுகிறது என்று பொருளன்று; அரை மணி நேரம் தாமதம். நான்காம் வாரம் வேலைத்தலமும் அதன் எச்சரிக்கைப் பலகைகளும்.

மூன்று: ஒரே சொல்லை மூன்று இடங்களில் தேடுங்கள். 'சார்ஜ்' என்பது கைப்பேசியில் ஒன்று, பேருந்தில் ஒன்று, காவல் நிலையத்தில் வேறொன்று. இத்தேடலைப் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்வார்கள்.

நான்கு: தமிழை அப்படியே ஆங்கிலமாக்க வேண்டாம். நம் மரபில் விடைபெறும்போது 'போகிறேன்' என்பதில்லை. 'போய் வருகிறேன்' என்பதே பண்பு. அதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று ஆக்கினால் அம்மொழியினருக்கு விளங்காது. அங்கே 'சீ யூ' என்பது போதும். அதுபோல், 'பேனாவைக் கொடுங்கள்' என்பதிலுள்ள மரியாதையை 'ங்கள்' சுமக்கிறது. ஆங்கிலத்தில் பெரியவருக்கும் சிறியவருக்கும் 'யூ' ஒன்றே. அங்கே மரியாதையைச் சுமப்பவை 'மே ஐ', 'குட் யூ', 'ப்ளீஸ்' ஆகியவை. 'கிவ் யுவர் பென்' என்னும் பிள்ளைக்கு இலக்கணம் தெரியும், மரியாதை விடுபட்டுப்போகும். 'குட் ஐ பாரோ யுவர் பென், ப்ளீஸ்?' என்னும் தொடரில் இரண்டும் இருக்கின்றன.

ஐந்து: புரியாதபோது கேட்பதற்கு ஒரு தொடரை எப்போதும் நாவில் வைத்திருங்கள். 'குட் யூ ப்ளீஸ் சே தட் அகெய்ன்?' இத்தொடர் ஒன்று கைவசம் இருந்தால் எந்த அலுவலகத்திலும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. கேட்பது இழிவன்று, கேளாமல் கையெழுத்திடுவதே கேடு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! 'எங்களுக்குத் தெரியாததை எப்படிச் சொல்லித்தருவது?' என்று தயங்க வேண்டாம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தையும் செயல்பாடுகளின் வழியே கற்கிறார்கள். பள்ளி தொடங்கிவைப்பதை வீடு தொடர வேண்டும். கடையிலிருந்து வந்த சோப்பு உறையை, மசாலாப் பொட்டலத்தை, மருந்துச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்' என்று கேளுங்கள். அதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து கேட்கும் பொறுமை போதும். தவறாகச் சொன்னால் நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சியே நம் பிள்ளைகளில் பலர் வாய் திறப்பதில்லை.

பட்டாசுத் தொழிலில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் நாள்தோறும் காணும் எச்சரிக்கைச் சொற்களை ஒரு தாளில் எழுதிவந்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவற்றின் பொருளைப் பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்டறிந்து உங்களுக்குச் சொல்லட்டும். தொழில் அறிந்தவர் தந்தை, எழுத்து அறிந்தவர் பிள்ளை. இருவர் அறிவும் ஓரிடத்தில் சேரும்போது அந்தச் சொல் வீட்டுக்கே பாதுகாப்பாகிறது.

ஆங்கிலம் பெருமைக்கு உரியதென்றோ, தமிழ் அதற்குக் குறைந்ததென்றோ நாம் கூறவில்லை. நம் வாசலுக்கு வந்துவிட்ட தாள்களையும் பலகைகளையும் படித்து, புரிந்து, தேவையான இடத்தில் கேள்வி கேட்கும் ஆற்றல் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கேனும் வேண்டும் என்றே கூறுகிறோம். மாணவச் செல்வங்களே, நாளைக் காலை உங்கள் கண்ணில் படும் முதல் ஆங்கிலச் சொல்லை, அது எழுதப்பட்டிருந்த இடத்தோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள்.